மென்பொருளை நான்காவது முறை மாற்றியது குறித்து மாமனாருக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி வண்டியில் உங்கள் மகள் அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். இங்கே என் சுகத்தை நீங்கள் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தாலும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். மூன்று நாளாக ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் போய் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். போன் செய்தால் நீங்கள் 'ம்' என்கிறீர்கள். பின்னால் தையல் மெஷின் ஓடுகிறது. நான் மூச்சு வாங்க என் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முடித்ததும், "சரி மாப்ள, அவகிட்டயே குடுக்கிறேன், நீங்களே சொல்லிருங்க" என்று போனை அவளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவள் வைத்துவிடுகிறாள். நேற்று மட்டும் நான்கு முறை இப்படி நடந்தது. சரி, கணினியில் அடித்து அனுப்பலாம் என்றால் அது காலையிலிருந்து ஒன்றை நிறுவிக்கொண்டிருக்கிறது. என்ன என்று பிறகு சொல்கிறேன். இப்போது பதினேழு சதவீதம். ஆகவே பேனாவைக் கையில் எடுத்தேன்.

அவள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "அவரு பாட்ட முடிக்க மாட்டாரு, முடிக்கிற நேரம் வந்தா மென்பொருள மாத்துவாரு." இதே வாக்கியத்தை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் தெரியுமா? அதையும் கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். துணி மடித்துக்கொண்டே சொல்கிறாள். மாமா, இது அபாண்டம். இருபது வருடமாக விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் இசையமைத்துக் குடும்பம் நடத்துகிறவனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா இது? இசைக்காரன் ஏன் மென்பொருள் மாற்றுகிறான் என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. அதில் நான்கை மட்டும், நடந்தது நடந்தபடி, ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இசை மென்பொருள் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பது உங்கள் தவறல்ல. திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் ட்ராக் என்று பெயர். ஒன்றில் புல்லாங்குழல், ஒன்றில் வயலின், ஒன்றில் டிரம்ஸ், ஒன்றில் உங்கள் மகளின் குரல். நீங்கள் சட்டைக்குக் கை தனி, காலர் தனி, முன்பக்கம் தனி என்று வெட்டிவைத்துப் பிறகு சேர்த்துத் தைக்கிறீர்கள் அல்லவா, அதேதான். ஒரே வித்தியாசம், உங்களிடம் அது கடைசியில் சட்டையாகிவிடுகிறது. இதை வைத்துக்கொண்டுதான் அவள் என்னை மடக்குகிறாள். "எங்க அப்பா இருபத்தாறு வருஷமா ஒரே மெஷின்ல தைக்கிறாரு. ஒரு நாளாவது மெஷின் சரியில்ல, அதான் யூனிஃபார்ம் முடியலன்னு சொல்லியிருக்காரா?" சொல்லியிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் மாமா, உங்கள் மெஷின் தினமும் காலையில் உங்களைப் பார்த்து 'புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாறுகிறீர்களா?' என்று கேட்டதுண்டா? நீங்கள் தெரியாத்தனமாக ஒரு நாள் தலையாட்டியதும் ஊசி இருந்த இடத்தில் கைச்சக்கரத்தையும், கைச்சக்கரம் இருந்த இடத்தில் கத்தரியையும் கொண்டுபோய் வைத்ததுண்டா? எனக்கு வைத்தார்கள். மென்பொருள்களின் பெயரைச் சொல்லி அவர்களுக்கு இலவச விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. திரையின் நிறத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இருந்தது சாம்பல். பத்து வருடம் அதில்தான் வேலை செய்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் பதிவுப் பொத்தானை அழுத்துவேன். ஒரு குடை விளம்பரத்துக்கு இசை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புதிய பதிப்பு வந்தது. முக்கால்வாசி முடித்தாயிற்று, கடைசியில் குடை விரிகிற இடத்தில் என்ன சத்தம் வைப்பது என்பதுதான் பாக்கி. மாறினேன். மறுநாள் பழைய பாட்டைத் திறந்தால், 'உங்கள் வயலினைக் காணவில்லை. தேடவா, விட்டுவிடவா?' என்று கேட்கிறது. தேடச் சொன்னேன். தேடிவிட்டு வந்து 'புல்லாங்குழலையும் காணவில்லை' என்கிறது. பத்து வருடம் சோறு போட்ட வீட்டில் தினமும் ஒரு பாத்திரம் காணாமல் போனால் மனிதன் அங்கே இருப்பானா? அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பதிப்பே வேணும்னா இங்க அழுத்துங்கன்னு அதுலயே எழுதியிருக்கேங்க" என்றாள். எழுதியிருந்ததை நானும் பார்த்தேன். ஆனால் அது பொத்தான் விஷயமல்ல, தன்மான விஷயம். அன்றே வெளியேறிவிட்டேன். குடை விளம்பரத்தை வேறு ஒருவர் முடித்துக்கொடுத்தார். குடை விரிகிற இடத்தில் அவர் எந்தச் சத்தமும் வைக்கவில்லை, அது அவருடைய ரசனை.

அடுத்து நீலம். நீலத்துக்குப் போனதற்கு முழுக் காரணம் என் நண்பர், கிடார் வாசிப்பவர். கழுத்து நீளம் என்பதால் நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். ஒரு குறும்படத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து இசையமைத்தோம். அவர் நீலத்தில் வேலை செய்கிறவர். இரண்டு பேரும் ஒரே மென்பொருளில் இருந்தால் அவர் வாசித்ததை அப்படியே நான் திறக்கலாம், நான் திருத்தியதை அப்படியே அவர் திறக்கலாம். இதைவிட நியாயமான காரணம் உலகத்தில் உண்டா? மூன்று வாரம் அவரிடம் சொல்லாமல் நீலத்தைப் படித்தேன், திடீரென்று சொல்லி மகிழ்விக்கலாம் என்று. படித்து முடித்து, படத்தின் கடைசிக் காட்சிக்கு மட்டும் இசை பாக்கி என்ற நிலையில், அவருக்கு என் கோப்பை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "என்னப்பா இது, நீலத்துல அனுப்பியிருக்க? நான் உனக்காகத்தான மூணு வாரமா உசுரக் குடுத்து சாம்பலக் கத்துக்கிட்டேன்!" என்று கத்துகிறார். மாமா, ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு இப்படித் துரோகம் செய்யலாமா? முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நானும் சொல்லவில்லை என்று உங்கள் மகள் அப்போதும் எதிர்க்கட்சியில்தான் இருந்தாள். ஒட்டகமும் நானும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வருத்தத்தில் காணொளி பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் வருவார். பின்னால் ஊதா விளக்கு, முன்னால் செடி. மேசைமேல் ஒரு தூசு இருக்காது. "நண்பர்களே, இனிமே வாழ்க்கையில வேற மென்பொருளே வேணாம்" என்பார். அவர் அன்று காட்டியது கறுப்பு. பார்க்கவே அவ்வளவு அழகு. நம் பின்னறை உங்களுக்குத் தெரியும்: சத்தம் வராமலிருக்கச் சுவரில் சாத்திய மெத்தை, சன்னலை மறைத்த கம்பளி, ஒரு கால் ஆடும் நாற்காலி. மின்விசிறி சத்தத்தை மைக் பிடித்துவிடும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே அவர் ஊதா வெளிச்சத்தில் சிரிக்கிறார். கறுப்புக்குப் போனால் நானும் அப்படி ஆகிவிடுவேன் என்று தோன்றியது. போனேன். அதில் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். எட்டுத் தாளக்கட்டுக்கு ஒரு துண்டு செய்து வைத்தால் அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். அற்புதமான வசதி. ஒரு துண்டு செய்தேன், மறுநாள் இன்னொன்று. நான்கு மாதத்தில் அறுபத்திரண்டு துண்டு சேர்ந்தது. ஒன்றுகூட ஒன்பதாவது தாளக்கட்டுக்குப் போகவில்லை. அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரே துண்டு பதினோரு தடவை ஓடுகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, "நீங்க பாட்டுப் போடல, டைல்ஸ் ஒட்டுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இது ஒரு கலைஞனிடம் பேசுகிற பேச்சா? இதற்கு நடுவில் அந்தக் காணொளிக்காரர் 'கறுப்பை நான் ஏன் விட்டேன்' என்று அடுத்த காணொளி போட்டுவிட்டார். அதே செடி, விளக்கு மட்டும் பச்சை. நாற்பத்தொரு சதவீதம் ஆகியிருக்கிறது, கணினியை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்.

இனிதான் முக்கியமான விஷயம். நீங்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டும்.

ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு முகப்புப் பாடல் கேட்டார்கள். இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம், அவர் அனுப்புகிற எல்லாச் செய்தியும் அந்த வார்த்தையில்தான் தொடங்கும். குரல் யாருடையது என்று பேச்சு வந்தபோது நான்தான் உங்கள் மகளைச் சொன்னேன். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். பதினைந்து வருடமாக அவள் கோரஸில் பாடுகிறாள். மூன்று பேர் நான்கு பேரோடு நின்று, பெரிய பாடகிகளுக்குப் பின்னால் 'ஆ' சொல்கிற வேலை. டிவியில் ஒரு பாட்டு வந்தால் அத்தை "இதுல நீ எங்கடி இருக்க?" என்று கேட்பார்கள். "இடதுபக்கம் ரெண்டாவது ஆ" என்று அவள் சொல்வாள். முதல் தடவையாக ஒரு பாட்டு முழுவதும் அவள் குரல் மட்டும். தினமும் மாலை ஏழரைக்கு எல்லா வீட்டிலும் கேட்கும். வருகிற சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒரு மெட்டைப் போட்டுக்கொள்வார்கள்.

அவள் பாடுகிற விதம் உங்களுக்குத் தெரியும். மேல்வீட்டில் நாற்காலி நகர்த்துகிற சத்தம் நின்று, தண்ணீர் மோட்டார் அணைந்து, காலை பத்தே முக்காலுக்கு ஒரு இருபது நிமிடம் இந்தக் கட்டடம் அமைதியாக இருக்கும். அதில் ஒரு தடவை பாடுவாள். ஒரே தடவை. அன்றைக்குப் பாடினாள் மாமா. இரண்டாவது சரணத்தில் மூச்சு கொஞ்சம் தடுமாறி, அதையே ஒரு வளைவாக மாற்றி, கீழே இறங்கி வந்தாள். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன், அது தேவைப்படவில்லை. "எப்டி இருக்கு?" என்று கேட்டாள். "இதுக்கு மேல தொடக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். அதை நான்தான் சொன்னேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பாட்டுக்கு எல்லாம் தயார், முடிவு மட்டும் பாக்கி. அப்படியே தேய்ந்து மறைய வேண்டுமா, பட்டென்று நிற்க வேண்டுமா, பல்லவிக்குத் திரும்பி வர வேண்டுமா? பதினொரு நாள் யோசித்தேன். எதை வைத்தாலும் சரியாக வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது என் குறையல்ல, கறுப்பின் குறை என்று. கட்டம் கட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிற மென்பொருளுக்கு எப்படி முடிவு வரும்? அதற்கு முடிக்கிற குணமே கிடையாது. பச்சை என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. அதில் நீளமாக, நேராக, ரயில் பாதை மாதிரி ஓடும். "வேணாம்ங்க. முடிச்சுக் குடுத்துட்டு மாறுங்க" என்று அவள் சொன்னாள். கையைக்கூடப் பிடித்தாள். நான் கேட்கவில்லை.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் முப்பத்தெட்டு ட்ராக்கையும் தனித்தனியாக வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது, வயலின் இரண்டாவது நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும், அதைப் பாட்டின் ஆரம்பத்திலிருந்தே, முன்னால் இருக்கிற வெற்றிடத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். அப்போதுதான் புது இடத்தில் போய்ச் சரியான இடத்தில் உட்காரும். இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். ஆனால் அன்று வெற்றிடத்தை எதற்குச் சுமக்க வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொன்றையும் அது அது தொடங்குகிற இடத்திலிருந்து வெட்டி எடுத்தேன். எடுத்து முடித்த கையோடு கறுப்பை அழித்தேன். அதிலிருந்த கோப்புகளையும் அழித்தேன், ஏனென்றால் கணினியில் இடமில்லை என்று மூன்று வாரமாக அது அழுதுகொண்டிருந்தது. மேலும், போகிறவன் போய்விட வேண்டும், ஒரு காலை அங்கே வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது என் கொள்கை.

பச்சையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்து ஓடவிட்டேன். வண்டி வந்து நின்றதும் எல்லோரும் ஒரே கதவில் ஏறுவார்களே, அது மாதிரி முப்பத்தெட்டு ட்ராக்கும் முதல் நொடியிலேயே ஒன்றாகப் புறப்பட்டன. கடைசிச் சரணத்தில் வர வேண்டிய கைதட்டல் முதலிலேயே வந்துவிட்டது. மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டி, "ஏதாவது விழுந்துருச்சா சார்?" என்று கேட்டார். நான் அசரவில்லை. இரண்டு நாள், ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு, கையால் நகர்த்தி, வயலினை வயலின் இடத்தில், புல்லாங்குழலைப் புல்லாங்குழல் இடத்தில் உட்கார வைத்தேன். எல்லாம் சரியாக வந்தது. போன சனிக்கிழமை மாலை முதலிலிருந்து கேட்டேன். முன்னிசை முடிந்தது. பல்லவி வர வேண்டும். வரவில்லை. புல்லாங்குழல் பதில் சொல்கிறது, ஆனால் கேள்வி கேட்க ஆளில்லை. அப்போதுதான் பார்த்தேன், உங்கள் மகளின் ட்ராக் இருக்கிறது, பெயர் இருக்கிறது, நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி நீளம் இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. நேர்கோடு. புல்லாங்குழலைத் தனியாகக் கேட்பதற்காக அவள் குரலை மியூட் செய்திருந்தேன். மியூட்டை எடுக்க மறந்து அப்படியே வெளியே எடுத்திருக்கிறேன். மியூட் செய்த குரல் மௌனமாகத்தான் வெளியே வரும்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன் மாமா, இது யார் தவறு? ஒரு எழுத்துப் பிழை விட்டால் அடியில் சிவப்புக் கோடு போடுகிற கணினி இது. குப்பைத் தொட்டியைக் காலி செய்யப் போனால் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும், 'யோசித்துப் பாருங்கள்' என்று கேட்கும், மூன்றாவது தடவையும் கேட்கும். ஒரு மனிதன் தன் மனைவியின் வாயைப் பொத்தி நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்கு மௌனத்தை மூட்டை கட்டி அனுப்புகிறானே, அப்போது ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? 'ஐயா, இதில் சத்தமே இல்லையே' என்று சொல்வதற்கு என்ன வலிக்கிறது? பல ஆயிரம் பொறியாளர்கள் உட்கார்ந்து செய்கிறார்களாம். அதில் ஒருவருக்குக்கூடக் கல்யாணம் ஆகவில்லையா?

ஞாயிறு காலை அவளிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதில்தான் அவளுக்குக் கோபம் என்று நினைக்கிறேன். அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பாட்ட இன்னொரு தடவ பாடிரு, ஒரு சின்ன டெக்னிக்கல் ப்ராப்ளம்" என்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டாள், "பழசு எங்க?" நான் பச்சையின் சிறப்புகளை விளக்க ஆரம்பித்தேன். "பழசு எங்கன்னு கேட்டேன்." சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். ஒரு பையை எடுத்தாள், நான்கு துணியை வைத்தாள். "மத்தவங்களுக்குப் பின்னாடி பாடுறப்பகூட என் குரல யாரும் அழிச்சதில்லங்க" என்று சொல்லிவிட்டுப் பத்தரை வண்டிக்குப் போய்விட்டாள். சரியாகப் பத்தே முக்காலுக்கு மோட்டார் நின்றது. நான் பின்னறையில் போய் உட்கார்ந்தேன். மாமா, எனக்கு வெட்கமாக இருந்தது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம். அல்லது சொல்லுங்கள்.

ஆனால் இதை வைத்து, நான் முடிக்கிற நேரத்தில் ஓடுகிறவன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேலே எழுதியதை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். குடை விளம்பரத்தில் குடை விரிகிற இடம் பாக்கி, குறும்படத்தில் கடைசிக் காட்சி பாக்கி, அறுபத்திரண்டு துண்டுக்கும் ஒன்பதாவது தாளக்கட்டு பாக்கி, இப்போது முகப்புப் பாடலுக்கு முடிவு பாக்கி. இது தற்செயல். ஒவ்வொரு மென்பொருளும் சொல்லிவைத்தாற்போல அதே இடத்தில் வந்து என் காலை வாருகிறது என்றால், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எனினும் ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறேன். இதை எழுத்துப்பூர்வமாக உங்களிடம் கொடுக்கிறேன். கணினி காலையிலிருந்து நிறுவிக்கொண்டிருப்பது வேறொன்றுமில்லை, பழைய சாம்பல்தான். திரும்பிப் போகிறேன். இது மாற்றமல்ல, திருந்துதல். ஆகவே நான்காவது முறை என்று அவள் எண்ணினால் அது கணக்கில் வராது என்று சொல்லுங்கள். இனி என் கடைசிக் காலம்வரை சாம்பலைத் தவிர வேறு திரையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். காணொளிக்காரரைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். இப்போது தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் வந்து ஒன்றரை மணி நேரமாக நிற்கிறது. மீதி ஒன்றை முடித்துத் தொலைக்க மாட்டேனென்கிறது. இப்படி முடிக்கத் தெரியாதவற்றைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஆகவே தாங்கள் நல்ல வார்த்தை சொல்லி அவளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மோட்டார் நிற்கும். அவள் பாடினால் போதும், முடிவை நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தையின் முழங்கால் தேவலையா? என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், அவள் வாங்கிக்கொள்ளும் மனநிலையில் இருந்தால். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், அடிக்கடி மாறாத பொருள்களோடும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை நாடும்,
நியாயம் தன் பக்கம் இருக்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அவளே போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "சீரியல்காரங்களுக்குப் பாட்ட அனுப்பிட்டேன். கேட்டுட்டாங்க. பிடிச்சிருக்காம், அப்படியே போடுறாங்களாம்" என்றாள்.

நான், "எதுல பண்ணுன?" என்று கேட்டேன்.

"அய்யோ மாப்ள!" என்று தூரத்தில் உங்கள் குரல் கேட்டது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். விஷயம் அப்போதுதான் தெரிந்தது. நான் முதலில் "நீ எப்ப வர்ற?" என்று கேட்பேன் என்று நீங்கள் பந்தயம் கட்டியிருக்கிறீர்கள். கேட்டிருந்தால் நான்கு மணி வண்டிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவள் பையைக்கூடத் தயாராக வைத்திருந்தாளாம். "அப்பா தோத்துட்டாரு. இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பாட்டை எனக்கும் அனுப்பியிருக்கிறாள். கேட்டேன். மதியம் நீங்கள் மெஷினை நிறுத்திச் சாப்பிடப் போகிற நேரத்தில், உங்கள் கடையிலேயே, உங்கள் போனிலேயே பாடிப் பதிவு செய்திருக்கிறாள், அதன் திரை என்ன நிறம் என்றுதான் தெரியவில்லை. வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை, என் முப்பத்தெட்டு ட்ராக்கில் ஒன்றுகூட இல்லை. வெட்டுகிற மேசையில் யாரோ விரலால் தாளம் தட்டுகிறார்கள். நீங்கள்தானாம். இரண்டாவது சரணத்தில் கொஞ்சம் முந்துகிறீர்கள், ஆனால் பரவாயில்லை, அவள் உங்களுக்காகக் காத்திருக்கிறாள். கடைசி வரி வந்ததும் பாட்டு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். எப்படி முடிவு செய்தாய் என்று செய்தி அனுப்பிக் கேட்டேன். 'பாடி முடிஞ்சது, நிறுத்திட்டேன்' என்று பதில் வந்தது. ஆறு தடவை கேட்டுவிட்டேன். ஆறு தடவையும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது.

மாமா, இந்த உலகத்தில் என்மேல் நம்பிக்கை வைத்துப் பந்தயம் கட்டிய ஒரே மனிதர் நீங்கள். உங்களைத் தோற்கடித்ததற்காக மன்னிக்க வேண்டுகிறேன். அவள் ஒரு வாரம் கழித்து வரட்டும், நான் நாளைக் காலை முதல் வண்டியிலேயே அங்கு வருகிறேன். தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும் என்பதால் இந்தக் கடிதத்தையும் கையிலேயே கொண்டுவருகிறேன். மன்னிப்புக் கேட்க வருகிறேன், வேறு எதற்குமில்லை. அவளிடம் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லப் போகிறேன், வண்டியில் சொல்லிப் பழகிக்கொண்டே வருவேன். அது முடிந்த பிறகு, அவள் உள்ளே தேநீர் போடப் போகிற நேரமாகப் பார்த்து, உங்கள் போனை மட்டும் ஒரு ஐந்து நிமிடம் என் கையில் கொடுத்தீர்களானால் போதும்.